போன மாத ரிப்போர்ட்டுக்கும் இந்த மாத ரிப்போர்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் லேபில் கவனிப்பார்களா?

கவனிக்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் டெல்டா செக் என்று பெயர். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன லேபில் 15 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இன்றைய முடிவை அதே நோயாளியின் பழைய முடிவோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து விசாரிப்போம். 1970களின் நடுவிலேயே கணினி வைத்து இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

தினமும் காலையில் மெஷினில் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரி, ஓட்டுகிறீர்களே, அது போதாதா என்று கேட்கலாம். மெஷின் ஒழுங்காக அளக்கிறதா என்பதைத்தான் கன்ட்ரோல் சொல்லும். ட்யூபில் இருப்பது யாருடைய ரத்தம் என்று அதற்குத் தெரியாது. எங்கள் பக்கம் ஒரே காலையில் மூன்று லட்சுமி, இரண்டு பாத்திமா வருவார்கள். பெயர் ஒட்டும்போது கை மாறினால் இரண்டு ரிப்போர்ட்டும் பார்க்கச் சரியாகவே இருக்கும், இரண்டுமே தப்பு.

இந்த ஆள் மாறாட்டத்தைப் பிடிக்க நான் முதலில் பார்ப்பது எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதனால் ஒருவருடைய எம்சிவி சில நாட்களில் சட்டென்று மாறாது. ஓர் அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன் 70 இருந்தது, அன்று 91. "சமீபத்துல ரத்தம் ஏத்துனாங்களாம்மா?" என்று போனில் கேட்டேன். இல்லை என்றார். அன்று அதே பெயரில் வந்த இன்னொருவரின் முடிவைப் பார்த்தால், அதில் 70. இருவரையும் திரும்ப வரவழைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ரத்தம் எடுத்தோம். விட்டிருந்தால், சிவப்பணு சரியான அளவுக்கு வந்துவிட்டதாகக் காட்டும் அந்த 91-ஐ நம்பி, முதல் அம்மா ரத்தசோகை போய்விட்டது என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

இன்னொரு நாள் ஒருவருக்கு பொட்டாசியம் போன வாரம் 4.1, அன்று 9.6. கால்சியமோ பாதிக்கும் கீழே. பொட்டாசியம் நிஜமாகவே அவ்வளவு ஏறியவர் படியேறி வந்து ரிப்போர்ட்டுக்காகப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. விசாரித்தால், சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் குறைவாக இருந்ததென்று பயிற்சிக்கு வந்த தம்பி ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறான். "ரெண்டும் அதே ஆளோட ரத்தம்தானேக்கா?" என்றான். ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பது பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ உப்பு. அது கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அவனை உட்காரவைத்து இதை விளக்கினேன், அப்புறம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

வித்தியாசம் வந்தாலே பிழை என்றும் நினைக்காதீர்கள். டயாலிசிஸ் முடித்தவருக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இறங்கத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சர்க்கரைக்கெல்லாம் டெல்டா செக் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அலாரம் ஓயாமல் அடித்தால் யாரும் பார்க்காமலே ஓகே அமுக்கிவிடுவார்கள்.

காசிமேட்டில் வலை வேலை செய்யும் பெரியவர் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7.9 வந்தது. எங்களிடம் அவருடைய பழைய கணக்கு எதுவும் இல்லை. கூட வந்த மகள், மூன்று வாரத்துக்கு முன் ஒரு முகாமில் எடுத்த ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதில் 12.8. மறுபடி ஓட்டினேன், அதே 7.9. எம்சிவி மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆள் அவரேதான், ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவந்திருக்கிறார், வயிற்றுக்குள் ரத்தம் கசிவதற்கு அடையாளமாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்தப் பையில் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எனக்கு ஒப்பிட ஒன்றுமே இருந்திருக்காது. இங்கே பலரும் ஒரு மாதம் அரசு ஆஸ்பத்திரி, அடுத்த மாதம் தெருமுனை லேப் என்று மாறிமாறிப் போகிறார்கள், ஒவ்வோர் இடத்திலும் புது ஆளாகப் பதிவாகிறார்கள். ஆகவே பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். லேபுக்கு லேப் முறை மாறுவதால் சின்ன வித்தியாசம் இருக்கும், பரவாயில்லை. ஒரே இனிஷியல், ஒரே போன் நம்பர் கொடுங்கள். ரத்தம் எடுத்ததும் உங்கள் கண்ணெதிரே ட்யூபில் பெயர் எழுதுகிறார்களா என்று பாருங்கள், எழுதாவிட்டால் எழுதச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.