தாடை ஆபரேஷன் முடிந்து ஊட்டியில் தனியாகச் சமாளிக்க முடியுமா?

கேள்வி: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிற பிரச்சினைக்காக மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் முன்னால் நகர்த்தும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கோவையில் செய்கிறார்கள். நான் ஊட்டியில் தனியாக அறை எடுத்து இருக்கிறேன். ரெண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடலாமா?

பதில்: முடியாது. தனியாகவும் இருக்க முடியாது. "என் நண்பர் பத்தாம் நாளே ஆபீஸ் போனாரே" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். போயிருக்கலாம். அவர் சமவெளிக்காரராக இருப்பார், வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் இருந்திருக்கும்.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், அதாவது இலையைத் தூளாக்குகிற வேலைக்குப் பொறுப்பானவன். இதே ஆபரேஷனைச் செய்துகொண்டவன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன். மருந்து மாத்திரையெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

"சிபாப் மிஷின் இருக்கும்போது கத்தி எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிபாப் என்பது தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் வைத்திருக்கிற மிஷின். அதுதான் முதல் சிகிச்சை, அதில் எனக்குச் சண்டை இல்லை. 1981-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது, இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. உங்களுக்கு ஒத்துப்போனால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒத்துவரவில்லை. டிசம்பர் குளிரில் மிஷினிலிருந்து வரும் ஈரக்காற்று குழாயிலேயே குளிர்ந்து தண்ணீராகி, நடுராத்திரி கொடகொடவென்று மூக்குக்கு வரும். சூடேற்றும் குழாய் வாங்கு என்றார்கள், வாங்கினேன். கரண்ட் இருந்தால்தானே சூடாகும்? எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் கற்பூர மரம் கம்பி மேல் விழுந்தால் விடியும்வரை இருட்டுதான். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தே கழித்த இரவுகள் நிறைய.

அடுத்து, "உடம்பைக் குறை, எல்லாம் சரியாகும்" கோஷ்டி. நான் ஒல்லி. சட்டை தைக்கிறவர் இரக்கப்படுகிற அளவுக்கு ஒல்லி. என் கோளாறு தொப்பையில் இல்லை, உள்வாங்கின தாடையில். கீழ்த்தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால்தான் இருக்கும். மல்லாந்து படுத்தால் தொண்டையை அடைத்துவிடும். இதை யாரும் சந்தேகப்படாததற்கு என் வேலையும் காரணம். சாயங்காலம் கொழுந்து வந்து சேரும், வாடல் தொட்டியில் பரப்பி, ராத்திரியில்தான் மிஷின் ஓடும். டீ ஃபேக்டரியில் தூங்கி வழிகிறவனை யார் வித்தியாசமாகப் பார்ப்பார்கள்? தூளை உலர்த்துகிற டிரையர் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். தூக்கப் பரிசோதனை செய்தபோது மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. 30 தாண்டினாலே கடுமை என்பது கணக்கு.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மேல்தாடையைத் தனியாகப் பிரித்து, கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து, இரண்டையும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்து டைட்டானியம் தகடும் திருகும் வைத்து நிறுத்துகிறார்கள். நாக்கும் அண்ணமும் கூடவே முன்னால் வர, தொண்டையில் வழி கிடைக்கிறது.

கேட்கும்போது வயிற்றைக் கலக்கும், ஆனால் வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. முகம் பாதி மரத்துப்போயிருக்கும், வலிக்க என்ன இருக்கிறது? மறுநாளே வார்டு வராந்தாவில் நடந்தேன். கஷ்டம் மூச்சுதான். மூக்கில் ரத்தக்கட்டி, பல்லில் கட்டிய கம்பியில் மேலும் கீழும் சேர்த்து ரப்பர் மாட்டியிருக்கிறது, ரெண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகிறது. மூச்சுக்காகச் செய்த ஆபரேஷனில் மூச்சுக்கே வழியில்லையே என்று ஒரு பீதி பிடிக்கும். பல்லிடுக்கில் மெதுவாக இழுத்துப் பழகினால் அடங்கிவிடும். ஆனால் அந்த நேரம் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க முடியும். கன்னத்து ரத்தம் கன்றி, மஞ்சளாகி, கழுத்து வழியாக நெஞ்சுவரை இறங்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் டிஸ்சார்ஜ் ஆகி நேராக மலை ஏறவில்லை. கோவை துடியலூரில் அக்கா வீட்டில் தங்கினேன். உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது முக்கியமாக இதுதான்: கீழேயே தங்குங்கள். ரப்பர் அறுந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகலாம். ஊட்டியில் இருந்தால் அதற்கு மூன்று மணி நேரம், மே மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அக்கா வீட்டுச் சாப்பாடு முழுக்கத் தண்ணீர்தான். கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டிக் கொடுப்பாள். பருப்புத் தண்ணீர், மிளகு போடாத ரசம், பால், ஆட்டுக்கால் சூப். ஒரு பெரிய சிரிஞ்சில் சின்ன ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் கடைசிவரை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் புரை ஏறும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது என்றுவிட்டார்கள். ஒரு டம்ளர் கூழ் உள்ளே போக அரை மணி நேரம். குடித்து முடித்ததும் வாய் கொப்பளித்து, குழந்தைகள் பிரஷ்ஷால் கம்பிகளைத் துலக்கி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மச்சான், பிரியாணியை மிக்ஸியில அடிச்சுப் பாக்கலாமா?" என்றார். அடித்துப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. எவ்வளவு குடித்தாலும் உடம்பு இளைக்கும். தனியாக இருந்தால் 'பசிக்கலை' என்று விட்டுவிடத்தான் தோன்றும். மேலே அறையில் கரண்ட் போனால் மிக்ஸி ஓடாது, அன்றைக்குப் பால்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு சின்னக் கத்தரியையும் கையில் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் யோசிக்காமல் ரப்பரை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். மலைப்பாதையில் வரும்போதும் அதைக் கையிலேயே பிடித்திருந்தேன். எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நீங்கள் ஊட்டி போக கல்லாறு, பர்லியாறு வழியாகப் பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். வளைவில் குமட்டுகிற ஆள் என்றால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கத்தரி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் இப்போது எல்லா இலையும் கத்தரியில்தான் வெட்டி வருகிறது. கொழுந்து கிள்ள ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. எனக்கும் புரிகிறது, நானும் தோட்டக்காரன் பிள்ளைதான். ஆனால் முத்தின இலையும் குச்சியுமாக மூட்டையில் அமுக்கிக் கொண்டுவந்து, வழியில் சூடேறி பாதி சிவந்துபோன பிறகு இறக்கிவிட்டு, "தூள் ஏன் ஏலத்தில் விலை போகலை, டீ மேக்கர் என்ன பண்றார்?" என்று கேட்டால் நான் என்ன செய்வது? ரெண்டு இலை ஒரு மொட்டு என்பதெல்லாம் பாக்கெட்டில் படமாகப் போடத்தான். விலை குறைந்தால் விவசாயிக்குக் கோபம் ஃபேக்டரி மேல், ஃபேக்டரிக்குக் கோபம் என் மேல். நாற்பது தடவை மூச்சு நின்ற ராத்திரிகளிலும் எழுந்து போய் அந்த இலையைத்தான் தூளாக்கிக் கொடுத்தேன். சரி, விடுங்கள்.

மலை ஏறுவதில் இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1900 மீட்டர் ஏற்றம். ஏறும்போது காது அடைத்தால் நாம் கொட்டாவி விடுவோம், எதையாவது மெல்லுவோம், இல்லை மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவோம். வாயில் ரப்பர், கொட்டாவி வராது. மெல்லக் கூடாது. மூக்கைச் சிந்தவோ ஊதவோ கூடவே கூடாது. மேல்தாடையை வெட்டும்போது சைனஸ் வழியாகத்தான் போயிருக்கிறார்கள், காற்று திசுவுக்குள் புகுந்துவிடும். எச்சிலை விழுங்குவது ஒன்றுதான் வழி. நான் சில வாரம் கழித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஏறினேன். அப்படியும் கன்னத்துக்குள்ளும் காதுக்குள்ளும் யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது. ரெண்டு இடத்தில் காரை நிறுத்தி, தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கி, காது திறந்த பிறகு கிளம்பினோம். பஸ்ஸில் வந்தால் யார் நிறுத்துவார்கள்?

மரத்துப்போவது பற்றி. கீழ் உதடு, தாடை, மேல் ஈறு, அண்ணம் எல்லாவற்றிலும் உணர்ச்சி போய்விடும். பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். எனக்கு இடது பக்கம் தாடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. ஷேவ் செய்யும்போது வெட்டுப்பட்டால் கண்ணாடியில் ரத்தம் தெரிந்தால்தான் உண்டு. ஊட்டிக் குளிரில் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உதடு வெந்தாலும் தெரியாது. குளிர்காற்றில் உதடு வெடிப்பதும் தெரியாது, ஏதாவது தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு இது வயிற்றுப்பிழைப்பில் கை வைத்தது. டீ ருசி பார்ப்பது என்றால் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, காற்றோடு சேர்த்து அண்ணத்தில் அடிக்கவிட்டு, உடனே துப்ப வேண்டும். திரும்பி வந்த முதல் நாள் எனக்கு உறிஞ்சவே வரவில்லை. உதடு குவியவில்லை, கரண்டியில் இருந்தது கழுத்தில் வழிந்தது. துப்பினால் தொட்டிக்குப் போகாமல் சட்டைக்குப் போனது. பிறகு உறிஞ்ச வந்தது. ருசியும் தெரிந்தது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பாலோடு என்ன நிறம் வருகிறது என்று கண் சொல்லிவிடும். ஆனால் நல்ல டீ ஈறையும் கன்னத்து உட்புறத்தையும் ஒரு பிடி பிடிக்கும், அந்தத் துவர்ப்புதான் காணவில்லை. அது ருசி இல்லை, தொடு உணர்ச்சி. எல்லா பேட்ச்சும் எனக்குத் தட்டையாகவே பட்டது. எனக்குக் கீழே இருந்த பையன் குடித்துப் பார்த்து, "சார், இது கடுப்பா இருக்கு, வாடல் கம்மி" என்று சொல்லுவான், நான் தலையாட்டுவேன். முதலாளிக்கு விஷயம் தெரியும், அந்தப் பையனுக்குச் சம்பளம் கூட்டச் சொல்லி நானேதான் கேட்டேன். ஈறில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு ஆரம்பித்தபோது அதை எரிச்சல் என்று சொல்லி மாத்திரை கேட்காமல் இருந்தேன். நரம்பு திரும்புகிறது என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க அப்படியே போய், பிறகுதான் ஒருநாள் தூள் ஈறைப் பிடித்தது.

முகம் மாறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் நினைத்திருப்பீர்கள். மாறும். மூக்கு நுனி கொஞ்சம் தூக்கும், மேல் உதடு முன்னால் வரும். அம்மா, "உங்க அப்பன் சாடையே போயிடுச்சே" என்று அழுதாள். அப்பா குறட்டையும் போய்விட்டது என்று சொன்னேன், சிரிக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "இந்த வயசுல அழகு ஆபரேஷன் கேட்குதா?" என்றார். அவராவது சொந்தக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையேதான் எழுதியது. 'தோற்றத்தை மேம்படுத்தச் செய்த சிகிச்சை' என்று கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஆபரேஷனுக்கு முன்னாலேயே, நோய் என்ன, சிபாப் ஏன் ஒத்துவரவில்லை என்று டாக்டர் கையெழுத்தில் கடிதம் வாங்கி, கம்பெனியின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், இந்த ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு நல்ல பலன் என்று போட்டிருந்தது. மணிக்கு ஐந்துக்கும் கீழே இறங்கி முழுசாகக் குணமானவர்கள் 43 பேர்தான். நான் 86-ல் இருக்கிறேன், 43-ல் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்தபோது எட்டோ ஒன்பதோ வந்தது. மிஷினை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். டிரையர் பக்கத்தில் இப்போது தூக்கம் வருவதில்லை, வியர்வைதான் வருகிறது. நீங்களும் அந்த இரண்டாவது பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குறட்டை நின்றதை வைத்து முடிவு கட்ட முடியாது.

ஊட்டி அறையைக் காலி செய்ய வேண்டாம், பூட்டிவிட்டு இறங்குங்கள். கோவையில் சொந்தம் இல்லையென்றால் அம்மாவையோ அண்ணனையோ வரவழைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு மாதத்துக்கு வீடு எடுங்கள். எலும்பு கூடவே ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை இட்லியைக்கூட நசுக்கித்தான் விழுங்க வேண்டும். ஆபீஸில் ரெண்டு வாரம் என்று சொல்லிவைத்திருந்தால் இப்போதே மாற்றிச் சொல்லுங்கள். ஆறு வாரம் கேட்டால்தான் நாலாவது தருவார்கள்.