கராத்தே கேள்வி–பதில்

கே: ஷோட்டோகான் என்னும் கராத்தே பாணியின் தந்தை ஃபுனாகோஷிக்குப் போட்டிகளே பிடிக்காதாமே? அப்புறம் ஏன் இத்தனை சாம்பியன்ஷிப்?

ப: பிடிக்காதுதான். 1868-ல் ஓகினாவாவின் ஷூரியில் பிறந்த கிச்சின் ஃபுனாகோஷி பள்ளி ஆசிரியர். பகலில் வகுப்பு, இரவில் அசாட்டோ, இட்டோசு என்ற கராத்தே ஆசான்களிடம் பயிற்சி. 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளை உடுப்பு, பெல்ட், டான் என்னும் தரநிலைப் பட்டம் மூன்றும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை. அவருக்குக் கட்டாதான் (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள்) கராத்தே. மாணவர்கள் கவசம் மாட்டி மோதிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. 1957 ஏப்ரலில் மறைந்தார். ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது! 'அவர் வழியில்' என்று கோப்பையைத் தூக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

கே: அவருடைய டோஜோவை (பயிற்சிக்கூடத்தை) இன்று பார்க்க முடியுமா?

ப: முடியாது. 1945 விமானத் தாக்குதலில் அழிந்துவிட்டது. நினைவுக்கல் மட்டும் கமாகுராவின் எங்காகு-ஜி ஆலயத்தில் இருக்கிறது.

கே: டெக்கி ஷோடான் (மூன்று டெக்கி கட்டாக்களில் முதலாவது) செய்யும்போது 'ஏறி இறங்குகிறாய்' என்று சென்செய் (ஆசிரியர்) திட்டுகிறார். எப்படிச் சரிசெய்வது?

ப: கால் மாற்றி வைக்கும் இடத்தில்தான் கோளாறு. இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைக்கும்போது முழங்கால் நிமிர்ந்தால் தலையும் எழும்பும். மடக்கிய முழங்கால் மடங்கியபடியே எடை மாற வேண்டும். கண்ணாடியில் தலை உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி, கை அசைவில்லாமல் காலை மட்டும் மெதுவாகப் பழகுங்கள்.

கிபா டாச்சியில் (குதிரையில் அமர்ந்ததைப் போன்ற நிலை) பாதங்கள் இணையாக, தோள் அகலத்தைப் போல் சுமார் இரு மடங்கு இடைவெளியில் இருக்கட்டும். முழங்கால்களை வெளிப்புறமாகத் தள்ளிப் பிடியுங்கள். உள்ளே சரிந்தால் எடை பாதத்தின் உள்விளிம்புக்குப் போய் முழங்கால் வலிக்கும். பலர் அளவுக்கு மீறிக் காலை அகட்டுகிறார்கள். இடுப்பு பூட்டிக்கொள்ளும், உடம்பு முன்னால் சாயும். இன்றைய மிகத் தாழ்ந்த நிலைகள் ஃபுனாகோஷியின் மகன் யோஷிதாகாவின் காலத்தில் வந்தவை. தந்தையின் பழைய படங்களில் நிலை உயரமாகவே இருக்கும். அதனால் ஆழத்துக்காக முழங்காலைப் பலி கொடுக்காதீர்கள்.

நாமி-காயேஷி என்னும் கால் அசைவில் பாதத்தை உள்நோக்கி மேலே வீசும்போது தோள் மறுபக்கம் ஊசலாடினால், ஊன்றிய காலின் இடுப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். நிலையைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு, தோளை அசைக்காமல் பாதத்தை மட்டும் தூக்கி வையுங்கள். ஒரு வாரத்தில் கைகூடவில்லையே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று டெக்கிகளுக்கு ஃபுனாகோஷி செலவிட்டது 10 ஆண்டுகள்.