ஸ்கூட்டியின் அடியில் ஒரு சொட்டு ஒயில்

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் ஒயில் லீக் பற்றிய கேள்விகள்தான் எனக்கு அதிகம் வரும். இந்த முறை ஆறு பேருக்குப் பதில் சொல்கிறேன்.

காலையில் வண்டியை எடுத்தால் சீமெந்துத் தரையில் கறுப்புச் சொட்டு. ஹெட் கஸ்கட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். பிரிக்கலாமா? (ஆரையம்பதி)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கஸ்கட் போனால் பெரும்பாலும் இழுவை குறையும், ஊதுகிற சத்தமும் கேட்கும். தரையில் கிடக்கும் சொட்டை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வர முடியாது. கசிகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. மேலே என்ஜின் தலையை மூடுகிற டெப்பட் கவரில் கசிந்த ஒயில் வழிந்து வந்து, ஓட்டத்தில் காற்றும் பின்னுக்குத் தள்ள, கடைசியில் அடியில் ஒயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டின் நுனியில் தொங்கும். கீழே குனிந்து பார்ப்பவர் போல்ட்டைத்தான் குறை சொல்வார்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் என்ஜினின் வெளிப்புறம் முழுவதையும் தேய்த்துத் துடையுங்கள். பெற்றோல் மட்டும் வேண்டாம், ஒரு பொறி போதும். ஈரம் காய்ந்ததும், பிள்ளைக்குப் பூசுகிற பவுடரைச் சந்தேகமான மூட்டுகளில் மெல்லத் தூவுங்கள். கல்லடிப் பாலம் வரை போய்த் திரும்பி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஒயில் பழுப்புக் கோடாக ஊறியிருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி. டெப்பட் கவரில் தொடங்கினால் அதன் ரப்பர் கஸ்கட்டை மாற்றினால் போதும், என்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. இடது பக்கம் பெல்ட் கவரின் அடியிலிருந்து வந்தால் உள்ளே என்ஜின் அச்சில் ஒயிலைத் தடுக்கிற கிராங்க் சீல் போயிருக்கலாம். பெல்ட்டில் ஒயில் பட்டால் அது வழுக்கும், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒயில் மாற்றிய நாளிலிருந்து ட்ரெயின் போல்ட்டில் கசிகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. (ஏறாவூர்)

இனி இறுக்காதீர்கள். போல்ட் இரும்பு, அது ஏறுகிற என்ஜின் உடம்பு அலுமினியம். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் உள்ளே மரை உரிந்துவிடும். அந்த போல்ட்டின் வோஷர் ஒரு தடவை நசுங்கி இடைவெளியை அடைப்பதற்கென்றே செய்தது, அநேகமாகப் பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும். மரை ஏற்கெனவே போயிருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்ப் புது மரை போட வேண்டும்.

சிலிக்கன் பூசி அடைக்கிற வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நான் பிரித்த ஒரு வண்டியில் ஒயிலை வடிகட்டுகிற வலையில் சிவப்புச் சிலிக்கன் துண்டுகள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன. ஒயில் மேலே ஏறாமல், வால்வைத் திறக்கிற கேம் தேய்ந்தே போயிருந்தது.

பின் ரிம்மின் உள்பக்கம் ஒயில் கோடுகள் தெரிகின்றன, பின் பிறேக்கும் பிடிப்புக் குறைவு. தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பாடசாலைக்குப் போகிறேன். சம்பளம் வரும்வரை ஓட்டலாமா? (களுவாஞ்சிக்குடி)

ஓட்டாதீர்கள் டீச்சர். இந்த ஆறு கேள்விகளிலும் எனக்குப் பயம் தந்தது இதுதான். ஸ்கூட்டியில் ஒயில் இரண்டு: என்ஜினுக்கு ஒன்று, பின் சில்லுக்குப் பக்கத்தில் உள்ள கியர் பெட்டிக்கு இன்னொன்று. கியர் ஒயில் பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிதான் இருக்கும். சில்லு அச்சின் சீல் தேய்ந்தால் அது நேரே பிறேக் ட்ரம்முக்குள் போகும். மழையில் நனைந்த பாலத்தில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் முன் பிறேக்கை மட்டும் நம்ப வேண்டி வரும், அதை அமுக்கினால் வண்டி சறுக்கும்.

பட்டா லொறியில் ஏற்றியாவது கராஜுக்கு அனுப்புங்கள். சீலோடு பிறேக் ஷூவையும் மாற்றச் சொல்லுங்கள். ஒயில் குடித்த ஷூவைக் கழுவினாலும் எரித்தாலும் பழைய பிடிப்பு வராது. சில்லைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கும் போயிருக்கிறது. அதை அப்படியே விட்டால் புதுச் சீலையும் சீக்கிரம் தின்றுவிடும்.

வெள்ளத்தில் வண்டி பாதி மூழ்கியது. ஒயில் குச்சியை எடுத்தால் பால்தேத்தண்ணி நிறம். (வாழைச்சேனை)

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்த ஒயிலோடு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஒயிலை வடித்துப் புதிதாக விட்டு, சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதைச் செய்ய வேண்டும், முதல் சுற்றுகளுக்கு விலை குறைந்த ஒயில் போதும். ஆனால் ஸ்டார்ட் பண்ணும் முன்பே பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, எயார் ஃபில்டரையும் மாற்றுங்கள். கியர் ஒயிலையும் மாற்ற வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

ஒரு சொட்டும் கீழே விழவில்லை, ஆனால் ஒயில் குறைகிறது. (அக்கரைப்பற்று)

ஒயில் என்ஜினுக்குள் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல், அக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். அதைத் திருத்தும்வரை வாரம் ஒரு முறை ஒயில் அளவைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றவும் வேண்டாம், கூடினால் எயார் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறும்.

வீட்டில் ஒயில் மாற்றினேன். பழையதை வேலிக் கம்புக்குப் பூசினால் கறையான் வராது என்கிறார் அப்பப்பா. பூசலாமா? (கல்லாறு)

அப்பப்பாவின் காலத்து வழக்கம் அது, கறையானும் சில காலம் வராமல் இருக்கலாம். ஆனால் நம்முடைய ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் இருக்கின்றன. கிணற்றில் தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும். மாரியில் கம்பிலிருந்து கழுவுப்படுகிற ஒயில் அந்த மணலுக்குள்தான் இறங்கும். ஒயில் வந்த அதே போத்தலில் திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பெரிய கராஜ்களில் பழைய ஒயிலைப் பரலில் சேர்ப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.