டவுன் சின்ட்ரோம் குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா?

"டவுன் சின்ட்ரோம் உள்ள என் மகனுக்கு 22 மாதம். உட்கார்ந்தபடியே நகர்ந்து வீடெல்லாம் சுற்றுகிறான், கட்டிலைப் பிடித்து நிற்கிறான், ஆனால் நடக்கவில்லை. மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் 2 வயதை ஒட்டித்தான் நடக்கத் தொடங்குவார்கள், சிலருக்கு 3, 4 வயதுகூட ஆகும், அதனால் நாட்களை எண்ணிப் பயப்படாதீர்கள். பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது அவன் எப்படி நிற்கிறான் என்பதைத்தான்.

நிற்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். தசையும் தளர்வு, மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களும் தளர்வு என்பதால், விழாமல் இருக்கக் காலை அகட்டி, பாதத்தை வெளியே திருப்பி, முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்கு அது சுலபம், ஆனால் அதே பழக்கத்தில் நடக்க ஆரம்பித்தால் பிற்பாடு பாதமும் முட்டியும் வலிக்கலாம், மாற்றுவதும் சிரமம். வாக்கரிலோ துணி இருக்கை எடையைத் தாங்கிக்கொள்ளும், அவன் நுனிக்காலால் உந்திக்கொண்டு ஓடுவான், இடுப்புக்கும் தொடைக்கும் வேலையே இருக்காது. விபத்துகள் காரணமாகக் கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

சரி, என்ன செய்வது? பாதம் முழுசாகத் தரையில் பதிகிற உயரத்தில் ஒரு குட்டி ஸ்டூலில், வெறுங்காலோடு உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் அகலாமல், இடுப்பு அகலத்துக்குள் இருக்கட்டும். எதிரே கட்டில்மேல் அவனுக்குப் பிடித்த டப்பாவை வையுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்; உங்கள் கை அவன் இடுப்பில் இருக்கட்டும், மூக்கு முன்னால் போனால் பின்புறம் தானாக எழும்பும். எழுந்தபின் முட்டி லேசாக மடங்கியிருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. ஐந்தாறு தடவை, சலித்தால் நிறுத்திவிடுங்கள், நாளை பார்க்கலாம். தினமும் கொஞ்சம் என்பதில்தான் பலன்: 2001ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள், பெற்றோர் பிடித்துக்கொள்ளச் சின்ன டிரெட்மில்லில் காலெடுத்து வைத்த டவுன் சின்ட்ரோம் குழந்தைகள், அப்படிச் செய்யாத டவுன் சின்ட்ரோம் குழந்தைகளைவிட மூன்று மாதம் போல முன்னதாக நடந்தார்கள்.

பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைக்கிறான் என்றால் நம்ம ஊர் மர நடைவண்டி தாராளமாகத் தரலாம், பாட்டிக்கும் திருப்தி. சக்கரம் ஓடிப்போகாமல் அரிசிப் பையைக் கட்டி எடை ஏற்றுங்கள், நீங்கள் பின்னாலேயே இருங்கள்.

இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட்டீர்களா? அப்புறம் கழுத்து. மேல் எலும்புகள் சிலருக்குத் தளர்ந்திருக்கும் என்பதால் குட்டிக்கரணம், டிராம்போலின் எல்லாம் இப்போது வேண்டாம். கழுத்தைச் சாய்த்தே வைத்திருக்கிறான், கை கால் பலம் குறைகிறது, நின்றுகொண்டிருந்தவன் நிற்க மறுக்கிறான் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.