கடையில் இல்லாத பருப்பு எங்கே இருக்கிறது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அப்பா நடத்திவந்த மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். தை மாதம் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிக் கம்ப்யூட்டர் வைத்தேன். இன்று கம்ப்யூட்டர் துவரம் பருப்பு 60 கிலோ இருப்பதாகச் சொல்கிறது. மூட்டையில் 20 கிலோகூட இல்லை. சோப்பு, ஷாம்பு வகைகளில் நிலைமை நேர்மாறு. கணக்கில் இருப்பு பூஜ்யம், அலமாரியிலோ சரக்கு இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து கடையில் இருக்கும் அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டர் பக்கமே வராமல் பழைய நோட்டிலேயே எழுதுகிறார். சாஃப்ட்வேரை விட்டுவிடுவதா, அவரை மாற்றிவிடுவதா என்று குழப்பமாக இருக்கிறது. சில்லறை வணிகத்தில் சரக்குப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம். கடையில் யாரோ கை வைக்கிறார்கள் என்றால் எல்லாச் சரக்கும் குறைந்துதான் இருக்கும். உங்களுக்கோ ஒன்று குறைகிறது, மற்றொன்று கூடுகிறது. அப்படியானால் பழுது மனிதரிடமும் இல்லை, கருவியிடமும் இல்லை. சரக்கு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கணக்கில் ஏறாத இடங்களில் இருக்கிறது.

காணாமல்போன துவரம் பருப்பில் பெரும்பகுதி அந்த அண்ணனின் நோட்டில் இருக்கும். நம் பகுதியில் மளிகைக் கடன் அறுவடையை ஒட்டித்தான் அடைபடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே விவசாயி வந்து பாக்கியைத் தீர்ப்பார். அதுவரை அவர் எடுத்துச் சென்றதெல்லாம் நோட்டில் பற்றாக நிற்கிறது. பில் போடாததால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் பருப்பு இன்னும் உங்கள் மூட்டையிலேயே இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு எடுத்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மளிகைக் கடையிலும் அதற்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை. மூட்டையாக வாங்கிக் கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுத்துப் போடும்போது ஏற்படும் சிந்தலும் இருக்கிறது. வற்றல் மிளகாய் கோடையில் காய்ந்து எடை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி எடை கூடும். புளிக்கும் வெல்லத்துக்கும்கூட இதே கதைதான். எனவே சில்லறையாக நிறுத்து விற்கும் சரக்குக்குச் சிறு வித்தியாசத்தை அனுமதித்து, மாதம் ஒருமுறை அதைச் சேதாரம் என்று எழுதி நேர் செய்யுங்கள்.

சோப்பு கூடுவதற்குக் காரணம் வேறு. ஏஜென்சி பில்லில் ‘12 வாங்கினால் 1 இலவசம்’ என்று வரும்போது இலவசச் சரக்கு தனிப் பத்தியில் இருக்கும். அதைப் பார்க்காமல் 12 மட்டும் வரவு வைத்தால் ஒவ்வொரு வரவிலும் ஒன்று கணக்குக்கு வெளியே நின்றுவிடும். இன்னொன்றையும் கல்லா அருகில் நின்று கவனியுங்கள்: ஒரே விலையுள்ள சந்தன சோப்பு இரண்டும் ரோஜா சோப்பு இரண்டும் வந்தால், அவசரத்தில் ஒன்றின் பார்கோடைக் காட்டி எண்ணிக்கை 4 என்று அடித்துவிடுவார்கள். பணம் சரியாக வரும், இருப்பு இரண்டிலும் கெடும்.

இனி அந்த அண்ணனைப் பற்றி. எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது, எந்தக் குடும்பம் எப்போது பாக்கி தீர்க்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். உங்கள் சாஃப்ட்வேரில் இன்னும் ஏறாத சரக்கேடு அவரிடம்தான் இருக்கிறது. அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அன்றன்று கடை அடைக்குமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்து, வாடிக்கையாளர் பெயரில் கடன் பில்லாக நீங்களே ஏற்றுங்கள். அதற்கும் மேலாக, எண்ணும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். மார்ச் 31 அன்று கடையை மூடி மொத்தமாக எண்ணுவது ஆடிட்டருக்குப் பயன்படும், வியாபாரத்துக்குப் போதாது. தினம் காலையில் கடை திறந்ததும் ஓர் அலமாரி போதும். கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை அவருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் யாருடைய கையும் அந்த எண்ணை நோக்கியே எண்ணும். வித்தியாசம் வந்தால் அன்றே இருவரும் உட்கார்ந்து காரணத்தைத் தேடுங்கள். கருவியைக் கொண்டுவந்து, அதை வைத்து மனிதரை மதிப்பிடத் தொடங்கிய கடைகளில் மாற்றம் நிலைத்து நான் பார்த்ததில்லை.

இருப்பு தெரிந்த கடைக்கே மாற்றம் சுமையாவதில்லை என்பதை 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது கண்கூடாகக் கண்டோம். ஜூன் 30 இரவு கையில் இருந்த சரக்குக்கு, முன்பு கட்டப்பட்ட கலால் வரியை வரவாகப் பெற்றுப் புதிய வரியில் கழித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்குரிய கொள்முதல் பில் 12 மாதங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எது எப்போது வாங்கியது என்று தெரியாதவர்கள் குடோனில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதும் முதலில் எழுந்த கேள்வி, பழைய விலை அச்சிட்ட சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

காலாவதிச் சரக்கு பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகருக்கான ஜி.எஸ்.டி. முறை) இல்லாத கடை என்றால், கெட்டுப்போனதாகக் கணக்கிலிருந்து நீக்கும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும், அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையையும், திருப்பிக் கட்ட வேண்டும். நஷ்டம் இரண்டு முறை. ஆகவே முதலில் காலாவதியாகும் பாக்கெட்டை முன்வரிசையில் வையுங்கள். ஏஜென்சி திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடுவுக்குள் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தானாக ஆர்டர் போடும் வசதியை இப்போதைக்கு நம்பாதீர்கள். தினம் 6 கிலோ உளுந்து விற்று, வண்டி 7 நாளுக்கு ஒருமுறை வந்தால் 42 கிலோ. வண்டி தாமதமானால் தாங்குவதற்கு இரண்டு நாள் சரக்கு 12. ஆக 54 கிலோ என்று அது கணக்குப் போடும். கணக்கு சரி, ஆனால் உங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரிந்த மாதங்கள் சம்பா அறுவடைப் பணம் புழங்கும் தையும் மாசியும்தான். அந்தச் சராசரியை வைத்து ஆனிக்கும் ஆடிக்கும் வாங்கினால் பணம் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும். தீபாவளிக் கொள்முதலுக்கு, நம் வயலுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையைப் பாருங்கள். வழக்கமான ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு, ஐப்பசியில் கையில் பணமும் உண்டு. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை இறுதியில்தான் தண்ணீர் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே ஆர்டர் பொருந்தாது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்கள் அண்ணனுக்குத் தெரியும்.

கூட்டம் குறைந்த ஆனி, ஆடியில் எண்ணத் தொடங்குங்கள். புரட்டாசி பிறந்த பிறகு தீபாவளி முடியும்வரை முறையில் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் துவரம் பருப்பு. நோட்டில் நிலுவையில் இருக்கும் பற்றையெல்லாம் ஏற்றிவிட்டு மூட்டையை நிறுத்துப் பார்த்து, எத்தனை கிலோ இன்னும் குறைகிறது என்று எனக்கு எழுதுங்கள்.