மொடக்குறிச்சியின் 1,033 வேட்பாளர்கள்: சிரித்துவிட்டுக் கடந்துபோகிற செய்தியா?

கேள்வி: ஒரே தொகுதியில் நூற்றுக்கணக்கான சுயேச்சைகள் போட்டியிடுவது வெறும் கேலிக்கூத்துதானே? டெபாசிட் தொகையை லட்ச ரூபாயாக உயர்த்திவிட்டால் என்ன?

கேலிக்கூத்து இல்லை. டெபாசிட்டை உயர்த்தவும் கூடாது. என்னைக் கேட்டால் இப்போது இருப்பதையே குறைக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் உதாரணமாக இழுக்கப்படுவது மொடக்குறிச்சி. இன்றைய ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் அந்தத் தொகுதியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். இத்தனை பெயர்களை ஒரே தாளில் அடக்க முடியாமல் வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. பொது அறிவுத் துணுக்காகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த துணுக்குக்குப் போய்விடுகிறார்கள். அந்த வேட்பாளர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் கோரிக்கைகளை எந்த அரசும் காதில் வாங்கவில்லை என்பதற்காகக் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தவர்கள் என்ற பகுதி துணுக்கில் இடம் பெறுவதே இல்லை.

அந்த 88 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சட்டமன்றத்துக்குப் போட்டியிட மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். ஆகவே அவர்களில் சிலருக்கு மொடக்குறிச்சியில் ஓட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். சரி, மற்றவர்கள்? அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை, மனைவி போடவில்லை, அண்ணன் தம்பி போடவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் போடவில்லை. பதவி ஆசையில் நிற்கிற ஒருவருக்கு இப்படி நடக்காது. அவர்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்கவே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பெயரைச் சீட்டில் ஏற்றியது அரசுக்கு அனுப்பிய புகார். வாக்குச்சாவடிக்குள் போய் முத்திரை குத்தியது தங்களுக்கு வேண்டிய எம்எல்ஏவைத் தேர்ந்தெடுக்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் செய்திருக்கிறார்கள். இதைவிடப் பொறுப்பாக ஒரு போராட்டத்தை நடத்த முடியுமா என்று தெரியவில்லை. பஸ் எரியவில்லை, கல் பறக்கவில்லை. சட்டம் திறந்து வைத்திருந்த வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

அதே 1996-ல் நாடாளுமன்றத் தேர்தலிலும் இது நடந்தது. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா தொகுதியில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். பெல்காம் கதை மராத்தி, கன்னட எல்லைப் பிரச்சினை, அதை இங்கே விட்டுவிடுகிறேன். நல்கொண்டாதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிக அதிகம். வேறு தண்ணீர் இல்லாத கிராமங்களில் குழந்தைகள் அதைத்தான் குடித்து வளர்ந்தார்கள். முதலில் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு பாதிக்கப்படும், மூட்டு இறுகும், முதுகு வளையும், கை கால் கோணும். வளைந்த எலும்பை மருந்து கொடுத்து நிமிர்த்திவிட முடியாது. நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அடுத்த பிள்ளையைக் காப்பாற்றத்தான் முடியும். அதற்குக் கிருஷ்ணா நதி நீரைக் கேட்டுப் பல காலம் போராடிப் பார்த்து, ஒன்றும் நடக்காமல்தான் நூற்றுக்கணக்கானோர் வேட்புமனுவோடு வந்தார்கள். அந்த வாக்குச்சீட்டின் நீளத்தைப் பற்றி ஜோக் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? அதே ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. மக்களவைக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சட்டமன்றத்துக்கு 250-லிருந்து 5,000. சுயேச்சைகளுக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும் என்றும் ஆக்கினார்கள். பிறகு 2010-லிருந்து தொகை 25,000, 10,000 என்று மறுபடியும் ஏறியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இதில் பாதி.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 500, 250 என்பவை 1951-ல் வைத்த தொகைகள். அன்றைக்கு அது பெரிய பணம். 45 வருட விலைவாசி உயர்வில் அது ஒன்றுமில்லாமல் போயிருந்தது. ஆகவே ஓரளவு உயர்த்தியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அது நடந்தும்விட்டது. 1996-ல் நாடு முழுக்க மக்களவைக்கு 13,952 பேர் நின்றார்கள். அடுத்த 1998 தேர்தலில் 4,750 பேர்தான். தேர்தல் அதிகாரிகளுக்கு நிம்மதி. நல்கொண்டா தண்ணீருக்கும் இந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. புகார் கொடுக்க வந்தவர்களின் கூட்டத்தைக் குறைக்கப் புகார் மனுவின் விலையை ஏற்றினார்கள், அவ்வளவுதான். மொடக்குறிச்சியில் 1,033 பேரும் சேர்ந்து கட்டியது அதிகபட்சம் இரண்டரை லட்சம் ரூபாய்ச் சொச்சம். இன்றைய கட்டணத்தில் அதே போராட்டத்துக்கு ஒரு கோடிக்கு மேல் வேண்டியிருக்கும்.

விலை ஏறியும் நின்றுபோனதா என்றால் அதுவும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் போட்டியிட்டார்கள். அதில் 178 பேர் விவசாயிகள். மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும், மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் கட்டுபடியாகும் விலை வேண்டும் என்பது கோரிக்கை. முழுத் தொகை என்று வைத்துக்கொண்டால் அவர்கள் கட்டிய டெபாசிட் மட்டும் 44 லட்சத்தைத் தாண்டும். மஞ்சளுக்கு விலை கிடைக்கவில்லை என்று சொல்ல வந்த விவசாயிகளிடம் அரசு வசூலித்த பணம் இது! (ஈரோடும் மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஊர்தான். இந்த ஒற்றுமை எனக்கு எப்போதும் உறுத்தும்.) தேர்தல் ஆணையம் வாக்குச்சீட்டுக்குத் திரும்பாமல், 12 வாக்குப்பதிவு அலகுகளை வரிசையாக இணைத்து இயந்திரத்திலேயே தேர்தலை நடத்திக் காட்டியது. ஓர் அலகில் 16 பெயர்தான் இருக்கும், அதனால்தான் 12. பழைய இயந்திரம் 64 பெயர் வரைதான் தாங்கும். புதிய வகை 384 வரை தாங்கும். ஆகவே "நிர்வாகத்தால் முடியாது" என்ற வாதம் 1996-ல் இருந்த அளவுக்கு இப்போது செல்லாது.

அந்தத் தேர்தலில் அன்றைய முதல்வரின் மகளும் அப்போதைய எம்பியுமான கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாஜகவின் அரவிந்த் சுமார் 70,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2023 அக்டோபரில் பிரதமர் தேசிய மஞ்சள் வாரியத்தை அறிவித்தார். 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அது தொடங்கப்பட்டது. அந்த 178 பேரால் மட்டும்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். கட்சிக் கணக்குகள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு கிழங்கின் விலையை நாடு முழுக்கப் பேச வைத்தது அந்த நீளமான பட்டியல்தான்.

இப்போது உங்கள் லட்ச ரூபாய் யோசனைக்கு வருகிறேன். டெபாசிட் யாரைத் தடுக்கும், யாரைத் தடுக்காது? சுயேச்சை என்ற வசதியை உண்மையிலேயே அசிங்கப்படுத்துகிறவர்கள் உண்டு. எதிராளியின் பெயரிலேயே ஆள் தேடிப் பிடித்து நிறுத்துகிறார்களே, அவர்கள்தான். 2014-ல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் பாஜக வேட்பாளர் சந்துலால் சாஹுவுக்கு எதிராக அதே பெயரிலோ கிட்டத்தட்ட அதே பெயரிலோ பத்துப் பேர் அளவில் நின்றார்கள். அவர் காங்கிரஸின் அஜித் ஜோகியை வென்றது வெறும் 1,217 வாக்கு வித்தியாசத்தில். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் பட்டியலில் இருந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். இந்த மாதிரி வேலைக்குப் பின்னால் யார் இருந்தாலும் அவர்களுக்கு லட்ச ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. பணத்தைத் தடுப்பாக வைத்தால் பணம் இருக்கிறவன் தாண்டிவிடுவான், விவசாயி வெளியே நிற்பான்.

இதற்கு உருப்படியாக ஒரு வழியைத் தேர்தல் ஆணையமே கண்டுபிடித்தது. 2015 மே மாதத்திலிருந்து வேட்பாளரின் புகைப்படத்தையும் வாக்குச்சீட்டில் போட ஆரம்பித்தார்கள். யாருடைய உரிமையும் பறிபோகவில்லை, எவருக்கும் கூடுதல் செலவில்லை, குழப்பம் முழுதாகத் தீராவிட்டாலும் குறைகிறது. பிரச்சினையைப் பார்த்துத் தீர்வு தேடினால் இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கொடுமை அந்த ஆறில் ஒரு பங்கு விதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். அதாவது 16.67 சதவீதம். மும்முனைப் போட்டி நடக்கிற தொகுதியில் பெரிய கட்சிகளே இதைத் தொட முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். டெபாசிட் முறையை நமக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டன் 1918-ல் எட்டில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது. 1985-ல் தொகையை 150 பவுண்டிலிருந்து 500 ஆக உயர்த்தியபோது வரம்பை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டது. நாம் தொகையை மட்டும் ஏற்றினோம், வரம்பைத் தொடவே இல்லை. பத்து சதவீத மக்களின் ஆதரவு பெற்ற ஒருவரை விளையாட்டு வேட்பாளர் என்று தண்டிக்கிற சட்டத்தில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

"அதுதான் நோட்டா இருக்கிறதே, கோபத்தை அங்கே காட்டட்டும்" என்று சிலர் சொல்வார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது அது. வரவேற்கிறேன். ஆனால் நோட்டாவுக்கு விழுந்த வாக்கு, தண்ணீர் கேட்கிறதா, விலை கேட்கிறதா, வேட்பாளரின் சாதி பிடிக்கவில்லை என்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அது எத்தனை வாக்கு வாங்கினாலும் முடிவு மாறாது. எண்ணி முடித்த மறுநாளே மறந்துவிடலாம். 178 விவசாயிகளின் பெயரை அப்படி மறக்க முடியாது.

சட்ட ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1999-ல் தந்த 170-வது அறிக்கையிலும் 2015-ல் தந்த 255-வது அறிக்கையிலும் சுயேச்சைகளையே தேர்தலில் நிற்க விடக் கூடாது என்று பரிந்துரைத்தது. நல்லவேளை, அது சட்டமாகவில்லை. கட்சிகளின் தலைமை யாருக்குச் சீட்டுக் கொடுக்கிறதோ அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் மக்களின் வேலை என்றால், அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் ஒரு தடையும் வேண்டாமா? வேண்டும். பணத்துக்குப் பதிலாகக் கையெழுத்து என்பது என் வாதம். தொகுதி வாக்காளர்கள் இருநூறு, முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், டெபாசிட் பெயரளவுக்கு இருக்கட்டும். இதற்கு எதிராகக் கனடாவை யாராவது காட்டலாம், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே 1,000 டாலர் டெபாசிட்டை 2017-ல் ஆல்பர்ட்டா நீதிமன்றம் செல்லாது என்றது. இப்போது டெபாசிட் கிடையாது, பெரும்பாலான தொகுதிகளில் 100 கையெழுத்து போதும். தேர்தல் முறையை மாற்றக் கோரும் ஒரு குழு இதை வைத்தே பட்டியலை நீட்டிக்கொண்டு போனது. 2025 ஆகஸ்டில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் 214 பேர். வாக்காளர்கள் வேட்பாளரின் பெயரைத் தாங்களே எழுதும்படி சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

இதில் ஓட்டை எங்கே என்றால், ஒரே ஆள் எத்தனை வேட்பாளருக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்பதில்தான். அதே நூறு பேர் எல்லா மனுவிலும் கையெழுத்திட்டால் இருநூறு பேரை நிறுத்திவிடலாம். ஒரு வாக்காளர் ஒரு வேட்பாளரை மட்டுமே முன்மொழியலாம் என்று வைத்துவிட்டால் அது அடைபடும். அப்போது 178 பேரை நிறுத்த முப்பத்தைந்தாயிரம் முதல் ஐம்பத்து மூவாயிரம் பேர் வரை கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அத்தனை பேர் ஒரு தொகுதியில் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்துக் கொடுங்கள்.