நாலு மணிப் பசிக்கு என்ன தரலாம்? வாசகர் கேள்வியும் அக்கா பதிலும்

(கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாயங்காலப் பலகாரம் பற்றியவை.)

மாமியாருக்குப் பல் இல்லை. கணவருக்குச் சர்க்கரை. மூத்தவன் ஆறாம் வகுப்பு, சின்னவளுக்கு ரெண்டு வயது. ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் ராத்திரி சமையல் நேரம் வந்துவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லுங்கள் அக்கா.
வாசகி, தேனி

தங்கச்சி, நாலு பலகாரம் செய்கிற வேலையை இன்றோடு விடுங்க. ஒரு பயறை அவித்தால் போதும். தாளிக்கிற நேரத்தில் ஆளுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் பச்சைப்பயறில் ஆரம்பிங்க. ஒரு டம்ளர் பயறை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துக் கழுவி, ரெண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் மூன்று விசில். ஊறவைக்க வேண்டியதில்லை. விசில் அடங்கியதும் அடியில் இருக்கிற குழைந்த பயறில் ரெண்டு கரண்டி தனியாக எடுத்துவிடுங்க. அது மாமியாருக்கும் சின்னவளுக்கும். மாமியார் பங்கை மசித்து, கொஞ்சம் வெல்லத்தூள், தேங்காய்ப்பூ, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் சுகியனுக்குள் வைக்கிற பூரணம் தயார். மாவில் முக்கிப் பொரிக்க வேண்டாம், அப்படியே கிண்ணத்தில் கொடுங்க. பல் இல்லாதவர்களுக்கு ருசியும் இல்லை என்று நினைத்துத் தினமும் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. சின்னவளுக்கு உப்பு காரம் எதுவும் வேண்டாம், நல்லா மசித்து அரை ஸ்பூன் நெய் விட்டால் போதும்.

மிச்சப் பயறில் உப்பு போட்டு, கடுகு, உளுந்து, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்க. பெரியவன் கிண்ணத்தில் தேங்காய்த் துருவலும் பொடிசாக நறுக்கிய மாங்காயும் போகட்டும். கடற்கரைச் சுண்டலுக்கு அந்த இழுப்பு வருவதே தேங்காய் மாங்காயால்தானே. உங்க வீட்டுக்காரர் கிண்ணத்தில் பாதி பயறு, பாதி வெள்ளரிக்காயும் வெங்காயமும், மேலே எலுமிச்சைச் சாறு.

அவருக்கு ஒரு வார்த்தை. சுண்டல் சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கு வழக்கம்போல நாலு தோசையும் உள்ளே போனால் கணக்கு இடிக்கும். பயறிலும் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். சாயங்காலம் சாப்பிட்டதற்கு ராத்திரியில் ஒரு தோசையாவது கழியணும்.

அடுத்தடுத்த நாளில் தட்டைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை, காய்ந்த மொச்சை என்று மாற்றிக்கொள்ளுங்க. கொண்டைக்கடலை அன்றைக்கு மட்டும் பெரியவங்க பங்கை மிக்சியில் ஒரு சுற்று விட்டுக் கொடுங்க. எதுவானாலும் சின்னவள் கையில் முழுக் கடலையோ பட்டாணியோ போகக் கூடாது. ஓடிக்கொண்டே தின்கிற வயசு, மூச்சுக்குழாயில் சிக்கினால் பெரிய ஆபத்து. முழு வேர்க்கடலையை ஐந்து வயது முடிகிற வரை தள்ளி வையுங்க. எங்கள் மையத்துக்குப் பக்கத்துக் கட்டடம்தான் பால்வாடி. சுண்டல் அன்றைக்கு அந்தக் குட்டிகள் எங்கள் வாசலில் வந்து கையை நீட்டும். அகப்பையின் பின்பக்கத்தால் நசுக்கித்தான் வைப்பேன். முழுசாகக் கேட்டு அழுகிறதும் நடக்கும், அழட்டும்.

வேலைக்குப் போகிறவள் நான். ராத்திரி ஊறவைக்க மறந்துவிடுகிறேன். காலையில் சோடா உப்பு போட்டு வேகவைத்தால் சீக்கிரம் வெந்துவிடுகிறது. அது சரியா?
வாசகி, திருப்பூர்

வெந்துவிடும். ஆனால் பயறில் இருக்கிற பி1 வைட்டமின் அந்தச் சோடாவில் கெட்டுப்போகும், ருசியும் சவர்க்காரம் மாதிரி அடிக்கும். அதற்குப் பதில் காலையில் எழுந்ததும் கடலையைக் கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வையுங்க. குளித்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்புவதற்குள் கடலை உப்பிவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டு வேகவையுங்க. வயிறு ஊதுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இது நல்லது, தாளிக்கும்போது இஞ்சியும் சேர்த்துக்கோங்க. வெந்ததை வடித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் வந்து தாளிப்பது மட்டும்தான் வேலை. தேங்காயை மட்டும் காலையிலேயே கலந்து வைக்காதீங்க. திருப்பூர் வெயிலுக்கு அது பொழுது சாய்வதற்குள் ஊசிப்போகும்.

அதுவும் முடியாத நாளில் சிவப்பு அவல். கெட்டி அவலாக இருந்தால் கழுவிப் பத்து நிமிஷம் ஊறவையுங்க, மெல்லிசாக இருந்தால் தண்ணீர் தெளித்தாலே போதும். வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசறுங்க. இல்லையா, வெங்காயம் தாளித்து எலுமிச்சை பிழியுங்க. கேஸ் அடுப்பு பக்கமே போகாமல் முடிக்க வேண்டுமா, அவலில் தயிரை ஊற்றி ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்க.

பேக்கரி பலகாரத்தை நிறுத்திவிட்டு மகளுக்குக் கேழ்வரகு பிஸ்கட், பல தானிய பிஸ்கட் என்று விலை கொடுத்து வாங்கித் தருகிறேன். இதாவது நல்லதுதானே?
வாசகர், ஓசூர்

அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்க தம்பி. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊர்க் கடையில் நின்று ஒரு கேழ்வரகு பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில், அதற்கும் பிறகுதான் கேழ்வரகு தலையைக் காட்டியது. முன்பக்கத்தில் மட்டும் கேழ்வரகுக் கதிர் படம் பெரிசாக இருந்தது.

அப்படியே கீழே 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருப்பதையும் பாருங்க. 25 கிராம் என்று இருந்தால் அது ஐந்து டீஸ்பூன். ஒரு நாளுக்குச் சாப்பிடுகிற மொத்த சக்தியில், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கணும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரு நாளைக்கு 1500 கலோரி தேவைப்படுகிற பிள்ளைக்கு அந்தப் பாதிக் கணக்கு சுமார் 19 கிராம்தான் வரும். அந்த பிஸ்கட்டில் 100 கிராமை மகள் ஒரே நாளில் முடித்தால் அதைத் தாண்டியாச்சு.

கேழ்வரகு நல்ல தானியம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை வாங்கி வீட்டிலேயே செய்யுங்க. மாவை லேசாக வறுத்து, வெல்லத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டி அந்தச் சூட்டோடு மாவில் ஊற்றி, தேங்காய் போட்டுப் பிசைந்து, கையால் அமுக்கிப் பிடித்து ஆவியில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் பிடிகொழுக்கட்டை. விரல் தடம் அதில் பதிந்திருக்கணும். மகளையே பிடிக்கச் சொல்லுங்க, தான் பிடித்ததைத் தானே தேடி எடுத்துத் தின்பாள்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை போட்டால் சர்க்கரை நோயாளிகள் இனிப்பு சாப்பிடலாமாமே?
வாசகர், விருதுநகர்

கூடாது. வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கிறது என்பதற்காக ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

கோவில்பட்டிக்காரரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? கடலைமிட்டாய் வீட்டில் சரியாக வரவே மாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்குத் தினமும் தரலாமா?
வாசகி, கும்பகோணம்

இந்தக் கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் காட்டுக் கடலை, மண்டை வெல்லம், மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தூவின தேங்காய்ப்பூ. அதே ருசி உங்க அடுப்பில் வருமா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பல்லில் ஒட்டாமல் வரவைக்கலாம்.

ரெண்டு கப் கடலைக்கு ஒரு கப் பொடித்த வெல்லம். கடலையைச் சிறுதீயில் நிதானமாக வறுத்து, தோல் நீக்கி, முறத்தில் புடைத்து, ரெண்டாக உடைத்துக்கோங்க. வெல்லத்தில் கால் கப் தண்ணீர் விட்டுக் கரைத்து மண் போக வடிகட்டி, அடிகனமான சட்டியில் காய்ச்சுங்க. நுரை பெரிசு பெரிசாக வந்து, அப்புறம் அடங்கி, பாகு நிறம் மாறும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்க. விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டால் அது அதிரசத்துக்கான பதம், அங்கே இறக்கினால்தான் மிட்டாய் இழுபடும். இன்னும் ஒன்றிரண்டு நிமிஷம் காய்ச்சி மறுபடி விடுங்க. இப்போது உருண்டையை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கணும். பல்லில் கடித்தால் மடக்கென்று உடையணும். அந்த நொடியே அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவின பலகையில் பரப்பிப் பூரிக்கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்க. நாலு கிளறு அதிகமானால் சட்டியிலேயே கல்லாகிவிடும். போன் அடித்தாலும் எடுக்காதீங்க.

தினமும் ஒரு துண்டு தரலாம், கடலையில் கால் பங்கு புரதம். ரெண்டு மூன்று என்று போனால் வெல்லமும் சேர்ந்து போகிறது. தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க.

ஏழு வயது மகன் சுண்டலைக் கண்டாலே ஓடுகிறான். பாக்கெட் சிப்ஸ் இல்லையென்றால் பட்டினி கிடக்கிறான்.
வாசகி, திருச்சி

அவனுக்கு வேண்டியது மொறுமொறுப்பு. கொழகொழவென்று வெந்த கடலையை நீட்டினால் ஓடத்தான் செய்வான். காரப்பொரி போடுங்க. ரெண்டு கை பொரி, ஒரு கை பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை கொஞ்சம், துருவின கேரட், பொடிசாக வெங்காயம், துளி எண்ணெயில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, எலுமிச்சை பிழிந்து உடனே கொடுக்கணும். ஐந்து நிமிஷம் தாமதித்தால் நமத்துவிடும். அது ஒரு வாரம் நடக்கட்டும், அப்புறம் அதிலேயே ஒரு கை அவித்த கடலையைக் கலந்துவிடுங்க.

பட்டினி கிடக்கிறான் என்கிறீங்க, சிப்ஸ் வீட்டு அலமாரியில் இருக்கிறதா? அதை யார் வாங்கி வைக்கிறார்கள் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

மழை பெய்தால் வீட்டில் எல்லாரும் பஜ்ஜி கேட்கிறார்கள். ஆரோக்கியம் என்று இதையும் நிறுத்திவிட வேண்டுமா?
வாசகி, நாகர்கோவில்

நிறுத்தாதீங்க, சுடுங்க. எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றி, மிஞ்சினதை வடிகட்டி ரெண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்க. அதையே ஊற்றி மறுபடி பொரிப்பதைத்தான் நான் எதிர்ப்பேன்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ரத்தசோகை. தினமும் சாயங்காலம் சுண்டலும் டீயும் தருகிறேன். முன்னேற்றம் தெரியவில்லை.
வாசகி, சேலம்

டீயைப் பிரித்து வையுங்க. பயறில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்வதை டீ தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்க, இல்லையென்றால் கூடவே ஒரு கொய்யாப்பழம், அது இரும்பை உள்ளே சேர்க்க உதவும். ஆனால் இதெல்லாம் துணைக்குத்தான். மருத்துவர் எழுதின மாத்திரையை நிறுத்திவிட்டுச் சுண்டலை நம்பி உட்கார வேண்டாம்.

சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். ஒரு இன்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர், அவ்வளவுதான். ராத்திரி ஏழு மணிக்கு வந்ததும் கடையில் பப்ஸ் தின்கிறேன். எனக்கும் ஏதாவது உண்டா?
வாசகர், வேளச்சேரி

உண்டு தம்பி. தோலோடு இருக்கிற பச்சை வேர்க்கடலை அரைக் கிலோ வாங்கி, மண் போகக் கழுவி, மூழ்கத் தண்ணீரும் உப்பும் போட்டுக் குக்கரில் நாலைந்து விசில். உரித்துத் தின்கிறதற்கே நேரம் பிடிக்கும், அதனால் அளவும் மீறாது. மறுநாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அதற்கடுத்து ரெண்டு முட்டை. தை மாசம் வந்தால் பனங்கிழங்கு கிடைக்கும். தோலை உரித்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு நல்லா வேகவிட்டு, நடுவில் இருக்கிற குச்சியை உருவிவிட்டு, நாரை இழுத்துப் போட்டுத் தின்னணும். எங்கள் பக்கத்து ஆள் யாராவது பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் ஒரு கட்டு கொண்டுவரச் சொல்லுங்க. அங்கே சென்னையில் ஒன்றுக்குச் சொல்கிற விலைக்கு இங்கே நாலு வாங்கலாம்.